கூரையில் ஒரு திறப்பு: மரச்சட்டக் கூரையும் நுரைக் கூரையும்

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய தூங்கும் வண்டியை வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டிக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவில் 1930களில் வேரூன்றியது. முன்பக்கம் உருண்டும் பின்பக்கம் சரிந்தும் இருக்கும் 'டியர்டிராப்' டிரெய்லர் அவற்றுள் பெயர் பெற்ற வடிவம். 1947 செப்டம்பரில் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் அதற்கான வரைபடத்தை வெளியிட்டது. 4 அடி அகலம், 8 அடி நீளம் என்பது இவ்வகை வண்டிக்கு நெடுநாளாக இருந்துவரும் அளவு. பிளைவுட் பலகை சந்தைக்கு வரும் அளவும் அதுவே. இன்றும் இதைக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். சக்கரம், சட்டகம், கதவு, சமையல் மேடை என்று எல்லாவற்றையும் துணிந்து செய்கிறவர்களும் கூரையில் காற்றுப்போக்கிக்காகத் துளை வெட்டும் நாளில் மட்டும் தயங்குவார்கள். முழுதாக இருக்கும் கூரையைத் தன் கையாலேயே வெட்டித் திறக்க வேண்டும். தவறினால் அந்த இடத்தில் மழை இறங்கும். ஆகவே அந்தத் தயக்கம் நியாயமானது.

ஆனால் திறப்பு இல்லாமலும் முடியாது. படுக்கும் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 கன மீட்டர்தான். தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டு இருவர் படுத்தால் ஒரு மணி நேரத்தில் அறைக்காற்றில் அது 1 விழுக்காட்டை நெருங்கிவிடும். மூச்சிலும் தோலிலும் வெளியேறும் ஈரம் குளிர்ந்த கூரையில் முத்து முத்தாகப் படிந்து மெத்தையில் சொட்டும். பக்கச் சன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்து, கூரையில் 12 வோல்ட் மின்விசிறி வைத்த காற்றுப்போக்கியை மெதுவாக ஓடவிட்டால் இரண்டு தொல்லைகளும் தீரும்.

இன்று வீட்டில் கட்டும் டியர்டிராப்களில் இரண்டு வகைக் கூரைகளை அதிகம் காணலாம். ஒன்று, மரச்சட்டங்களின் மேல் பிளைவுட்டும் அதன் மேல் அலுமினியத் தகடும் போர்த்திய பழைய மரபுக் கூரை. மற்றது, நுரைப்பலகையின் மேல் கித்தானை ஒட்டிப் பெயின்ட் அடித்த புதிய கூரை. இரண்டிலும் ஒரே அளவுத் திறப்பை வெட்டி, ஒரே காற்றுப்போக்கியைத்தான் வைக்கிறார்கள். ஆனால் வெட்டும் முறை, வெட்டும் வேளை, பின்னால் வரும் கவலை எல்லாம் வேறு. இவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

இரண்டு கூரைகளின் உடலமைப்பு

மரச்சட்டக் கூரையில், ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு பக்கச்சுவருக்குக் குறுக்குச் சட்டங்கள் ஓடும். உள்ளே ஒரு நூல் கனமுள்ள பிளைவுட் கூரைத்தட்டாக வளைந்து நிற்கும். சட்டங்களுக்கு இடையில் வெப்பத்தடுப்புக்காக நுரைப்பலகைத் துண்டுகளை வைப்பார்கள். மேலே இன்னொரு மெல்லிய பிளைவுட். அதற்கும் மேலே 1 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகடு. மொத்தக் கனம் ஒன்றரை அங்குலத்தை ஒட்டி வரும். பாரத்தைச் சட்டங்கள் தாங்கும், மழையைத் தகடு தடுக்கும். வேலை இப்படித் தெளிவாகப் பிரிந்திருக்கிறது.

நுரைக் கூரையில் அந்தப் பிரிவினை இல்லை. எக்ஸ்.பி.எஸ். எனப்படும், தெர்மாகோலைவிட நெருக்கமான அறைகளைக் கொண்ட நுரைப்பலகை 2 அங்குலக் கனத்தில் சுவருக்குச் சுவர் கிடக்கும். அதன் இரு முகங்களிலும் மெல்லிய கித்தானை நீர் தாங்கும் மரப்பசையால் ஒட்டி, வெளிச்சுவர்ப் பெயின்ட்டைப் பல பூச்சாக அடிப்பார்கள். நுரை தனியாகவும் பலவீனம், கித்தான் தனியாகவும் பலவீனம். ஒட்டிய பிறகு மேல்முகம் அழுத்தத்தையும் கீழ்முகம் இழுப்பையும் வாங்கிக்கொள்ள, நடுவில் நுரை இரண்டையும் விலக்கி நிறுத்துகிறது. ஆக, தோலேதான் இங்கே எலும்பும்.

துளை வெட்டும்போது இந்த வேறுபாடு உடனே தெரியும். மரக் கூரையில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே வெட்டினால் பாரம் செல்லும் வழி அறுபடுவதில்லை. நுரைக் கூரையில் எங்கே வெட்டினாலும் பாரத்தைச் சுமக்கும் தோல் அறுபடும். அறுத்த வழிக்கு மாற்று வழி கொடுத்தே ஆகவேண்டும்.

திறப்பின் அளவும் நிலைச்சட்டமும்

அமெரிக்கச் சந்தையில் 'மேக்ஸ்ஃபேன்', 'ஃபேன்டாஸ்டிக் வென்ட்' போன்ற காற்றுப்போக்கிகள் 14 அங்குலத் திறப்புக்காகச் செய்யப்படுகின்றன. உண்மையில் வெட்டவேண்டிய அளவு 14 அங்குலம் 2 நூல், அதாவது சுமார் 362 மி.மீ. சதுரம். ஐரோப்பியக் காரவான்களில் 400 மி.மீ. சதுரம் பெருவழக்கு. ஆகவே காற்றுப்போக்கியை வாங்கிக் கையில் வைத்து, அதன் கழுத்தை அளந்து பார்த்த பிறகே கூரையில் கோடு போட வேண்டும்.

சன்னலுக்கு நிலை வைப்பதுபோல இந்தத் திறப்புக்கும் நான்கு பக்கமும் மரத்தால் நிலைச்சட்டம் வேண்டும். இரு கூரைகளுக்கும் இது பொது. ஆனால் அது செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றல்ல.

மரக் கூரையில் நிலைச்சட்டத்தின் முன் பின் கைகள் குறுக்குச் சட்டங்களே. சட்டங்களின் இடைவெளி பெரும்பாலும் 8 முதல் 12 அங்குலம் இருக்கும் என்பதால், திறப்பு வரும் இடத்தில் மட்டும் இடைவெளியை விரித்து வைத்து, பக்கவாட்டில் இரண்டு குட்டைச் சட்டங்களால் இணைத்தால் போதும். வரைபடம் போடும் நாளிலேயே இதைத் தீர்மானித்தால் செலவு இரண்டு மரத்துண்டு. கூரை மூடிய பிறகு நினைவுக்கு வந்தால் ஒரு குறுக்குச் சட்டத்தை அறுக்க நேரிடும். அறுத்த இரு முனைகளையும் புதிய குறுக்குக் கட்டைகளில் சேர்த்து, அந்தக் கட்டைகளைப் பக்கத்துச் சட்டங்களில் பிணைக்க வேண்டும். அதற்கு உள் கூரைத்தட்டைப் பிரித்தாக வேண்டும்.

நுரைக் கூரையில் நிலைச்சட்டம் திருகாணிக்கு வீடாகவும் பாரத்துக்குப் பாலமாகவும் இருக்கிறது. 25 பி.எஸ்.ஐ. தரத்து நுரை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1.76 கிலோ அழுத்தத்தையே தாங்கும். கையால் முறுக்கும் ஒரு திருகாணி எளிதாக அதைப் பலமடங்கு மிஞ்சும். நுரையில் நேராகத் திருகினால் மரை பிடிக்காது. பிடித்ததுபோல் தெரிந்தாலும், வண்டி ஓடும்போது வரும் அதிர்வில் ஓட்டை பெரிதாகும். ஆகவே நுரையின் கனத்துக்குச் சமமான உயரமும் ஒன்றரை அங்குல அகலமும் கொண்ட மரச்சட்டத்தைத் திறப்புக்குள் இறக்கி, பாலியூரித்தேன் பசையால் ஒட்டுகிறார்கள். அந்தப் பசை ஈரம் பட்டுப் பொங்கி இடுக்குகளை நிரப்பும் என்பதால் நுரைக்கும் மரத்துக்கும் நல்ல பிணைப்பு. அகலமான கூரையாக இருந்தால் திறப்புக்கு முன்னும் பின்னும் சுவருக்குச் சுவர் ஒரு சட்டத்தைப் புதைப்பது நல்லது. அறுபட்ட தோலின் வேலையை அவை ஏற்றுக்கொள்ளும்.

வெட்டும் வேளை

மரக் கூரையில் இதற்கு இரண்டு வழி. தகடு போர்த்தும் முன்பே தகட்டிலும் பிளைவுட்டிலும் தனித்தனியாக வெட்டிவைத்துப் பொருத்துவது ஒன்று. எல்லாவற்றையும் மூடிய பிறகு உள்ளிருந்து இடம் கண்டு வெட்டுவது மற்றொன்று. இரண்டாவதே நலம் என்பது என் கருத்து. 8 அடி நீளத் தகட்டை வளைத்துப் போர்த்தும்போது அரை அங்குலம் நகர்ந்தாலும் முன்பே வெட்டிய துளை தப்பிப்போகும். துளையுள்ள தகடு அந்த இடத்தில் மடங்கிவிடும் ஆபத்தும் உண்டு. நிலைச்சட்டத்தை முன்பே வைத்து, மின்கம்பியை முன்பே ஓட்டி, துளையை மட்டும் கடைசிக்கு விட்டால் சட்டமே வழிகாட்டியாக நிற்கும்.

நுரைக் கூரையில் வரிசை தலைகீழ். கித்தான் ஒட்டுவதற்கு முன்பே நுரையை வெட்டி, நிலைச்சட்டத்தைப் பதித்து, மேல்மட்டம் ஒன்றாகும்வரை உப்புத்தாள் தேய்த்துவிட வேண்டும். பிறகு முழுக் கித்தானையும் திறப்பின் மேலேயே விரித்து ஒட்டிக் காயவிட வேண்டும். காய்ந்த பின், திறப்பின் மேல் நிற்கும் கித்தானை மூலைக்கு மூலை குறுக்காக வெட்டினால் நான்கு முக்கோண மடல்கள் கிடைக்கும். அவற்றை உள்ளே மடக்கி நிலைச்சட்டத்தின் உள்முகத்தில் ஒட்டினால், கூரையின் தோல் எங்கும் முடிவுறாமல் திறப்புக்குள்ளேயே இறங்கிவிடும். மூலைகளில் மட்டும் கித்தான் பிளவுபட்டிருக்கும். அங்கே சிறு ஒட்டுத்துண்டு வைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். தகட்டில் இந்த வசதி கிடையாது. அங்கே தோல் விளிம்போடு நின்றுவிடும்; அந்த வெட்டுவிளிம்பு முழுக்க சீலன்ட்டை நம்பியே இருக்கும்.

கருவியும் கையும்

மூடிய மரக் கூரையை வெட்ட, உள்ளிருந்து நிலைச்சட்டத்தின் நான்கு மூலைகளிலும் மெல்லிய டிரில் பிட்டால் மேலே துளையிட வேண்டும். கூரைமேல் அந்த நான்கு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து, இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் சுமார் 512 மி.மீ. வந்தால் சதுரம் சரி. அதன்பின் இரண்டு கருவிகள் உண்டு. ஜிக்சா வைத்து வெட்டினால், உலோகத்துக்கான நுண்பல் பிளேடு போட்டு, கோட்டை ஒட்டி மாஸ்கிங் டேப்பை அகலமாக ஒட்டி, கருவியின் அடித்தட்டிலும் டேப் சுற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தகட்டில் கீறல் விழும். ரௌட்டர் வைத்திருப்பவர்கள், நுனியில் பேரிங் உள்ள பிட்டை ஒரு துளைவழியே இறக்கி, பேரிங்கை நிலைச்சட்டத்தின் உள்முகத்தில் ஓடவிட்டு வெட்டுவார்கள். சட்டம் எவ்வளவு நேரோ அவ்வளவு நேராக வெட்டு வரும். எதில் வெட்டினாலும், அறுபடும் துண்டைக் கீழிருந்து ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். தாங்காவிட்டால் கடைசி மூலையில் துண்டு தொங்கி, தகட்டைக் கிழித்துவிடும். மூலைகளைக் கூர்மையாக வெட்டாமல் சற்று வளைத்து விடுவது நல்லது. அதிர்வில் விரிசல் தொடங்குவது கூர்மூலையில்தான். வெட்டிய பின் விளிம்பை அரத்தால் ராவி, உலோகத்துகள் ஒன்றுவிடாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

நுரைக்கு இந்தச் சத்தமும் பாதுகாப்பும் தேவையில்லை. நுண்பல் கைரம்பமோ நீளமான கத்தியோ போதும். பிளேடு செங்குத்தாக நிற்கிறதா என்பதை மட்டும் மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2 அங்குலக் கனத்தில் பிளேடு சாய்ந்தால் மேலும் கீழும் அளவு மாறும். தவறு நேர்ந்தால் துண்டை மறுபடி ஒட்டி மீண்டும் வெட்டலாம். அலுமினியம் அந்தச் சலுகையைத் தராது. முதல்முறை கட்டுகிறவருக்கு நுரைக் கூரை செய்யும் பெரிய உதவி இது.

வளைவு என்னும் இடைஞ்சல்

டியர்டிராப்பின் கூரை முன்பின்னாக வளைந்தது. காற்றுப்போக்கியின் விளிம்போ தட்டையானது. கூரை 8 அடி ஆரத்தில் வளைந்திருந்தால், 16 அங்குல நீளத்தில் நடுவுக்கும் ஓரத்துக்கும் சுமார் 8 மி.மீ. வேறுபாடு வரும். நீர் புகாமல் விளிம்பின் அடியில் ஒட்டும் மெல்லிய பியூட்டைல் டேப்பால் அந்த இடைவெளி அடைபடாது. திருகாணியை இறுக்கி விளிம்பை வளைத்தால் மூடி சரியாக அமராது. பிளாஸ்டிக் விளிம்பும் நாளடைவில் வெடிக்கும்.

மரக் கூரையில் இதற்கு அடியில் கூரையின் வளைவும் மேலே தட்டையும் கொண்ட மரப்பீடத்தை இழைத்துச் செய்ய வேண்டும். தச்சுக் கை பழகியவருக்கு இது ஒரு மாலை வேலை, பழகாதவருக்குக் கடினம். அதோடு பீடத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இன்னொரு நீர்த்தடுப்பு இணைப்பு கூடிவிடுகிறது. நுரைக் கூரையில் நிலைச்சட்டத்தையே சில மி.மீ. உயர்த்தி வைத்து, சுற்றிலும் நுரைத்துண்டு ஒட்டி, தேய்த்துச் சரிவாக்கி, அதன் மேலேயே கித்தானை ஒட்டிவிடலாம். பீடமும் கூரையும் ஒரே தோலுக்குள் அடங்கும், மழைநீர் தேங்காமல் வழியும். இந்த இடத்தில் நுரைக் கூரை தெளிவாக முந்துகிறது.

நீரும் வெப்பமும்

விளிம்பின் அடியில் பியூட்டைல் டேப், மேலே விளிம்பு ஓரத்திலும் திருகாணித் தலைகளிலும் தானே பரவி மட்டமாகும் கூரை சீலன்ட் என்பது இரு கூரைக்கும் நன்கு தேறிய முறை. பியூட்டைல் மெதுவாகப் பிதுங்கும் பொருள். ஆகவே முதல் நாள் மிதமாக இறுக்கி, மறுநாள் மீண்டும் இறுக்க வேண்டும். சாதாரண சிலிக்கனைத் தவிர்ப்பது நல்லது. ஒருமுறை பூசிய இடத்தில் பின்னால் வேறெதுவும் ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது. மூடியின் கீலை வண்டியின் முன்புறம் வைத்தால், ஓடும்போது எதிர்க்காற்று மூடியைப் பிய்த்து எடுக்காது.

இதற்கு மேல் கவலைகள் பிரிகின்றன. அலுமினியம் வெயிலில் விரியும். 2.4 மீட்டர்த் தகடு 40 பாகை வேறுபாட்டில் 2 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். அடியில் உள்ள மரம் அந்த அளவுக்கு நீளாது. தகட்டில் மட்டும் திருகாணித் துளைகளைச் சற்றுப் பெரிதாக இட்டால் விளிம்பின் அடியில் அது நகர இடம் இருக்கும். இடாவிட்டால் துளையைச் சுற்றித் தகடு உப்பும், சீலன்ட் விரிசல் விடும். அந்த விரிசலில் இறங்கும் நீர் தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே ஓடி, துளையிலிருந்து வெகுதூரம் தள்ளி எங்கோ தலைகாட்டும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சை வளராது. ஆனால் மூடிய கூரைக்குள் புகுந்த நீர் வெளியேற வழியில்லை. கசிவு கண்ணில் படும்போது சட்டம் மெத்துப்போயிருக்கும்.

நுரை மூடிய அறைகளால் ஆனது. நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும், அழுகாது. ஆனால் அதன் எதிரிகள் வேறு. 74 பாகை செல்சியஸுக்கு மேல் அது இளகத் தொடங்கும். கறுப்புப் பெயின்ட் அடித்த கூரை அரிசோனா வெயிலில் அந்த எல்லையை எட்டக்கூடும். ஆகவே வெள்ளைதான் ஏற்ற நிறம். அசிட்டோன், பெட்ரோல், பாலியெஸ்டர் ரெசின் ஆகியவை நுரையைக் கரைத்துவிடும். கரைப்பான் கலந்த சீலன்ட் எதையும் முதலில் ஒரு வீண் துண்டில் தடவிப் பார்க்காமல் கூரையில் வைக்கக்கூடாது. நுரை தீப்பற்றும் பொருளும்கூட. விசிறிக்குப் போகும் மின்கம்பியைக் குழாய்க்குள் விட்டு, பேட்டரி அருகே ஃபியூஸ் வைப்பது இங்கே கட்டாயம். நுரைக் கூரையில் அழுகக்கூடிய மரம் நிலைச்சட்டமும் புதைத்த சட்டங்களும்தான் என்பதால், அவற்றின் எல்லா முகத்துக்கும் எப்பாக்சி பூசிவிட்டால் கவலை பெருமளவு தீரும்.

பழுதும் பின்னாளும்

பத்தாண்டு கழித்துக் காற்றுப்போக்கி உடைந்து வேறு வைக்க நேர்ந்தால், மரக் கூரையில் பழைய சீலன்ட்டைச் சுரண்டிவிட்டு அதே இடத்தில் புதியதை வைக்கலாம். நல்ல மரம் புதுத் திருகாணியைப் பிடித்துக்கொள்ளும். தகட்டில் பள்ளமோ கிழிசலோ இருந்தால் ஒட்டு வேலை கண்ணுக்குத் தெரிந்தபடியே இருக்கும். நுரைக் கூரையில் கித்தானை ஒட்டிப் பெயின்ட் அடித்தால் பழுதின் சுவடே தெரியாது. ஆனால் அந்தப் பெயின்ட்டை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கித்தானுக்கு மழையிலிருந்து காப்பு அந்தப் பூச்சு மட்டுமே. மரக்கிளை உரசினால் அலுமினியம் கீறலோடு தப்பும். கித்தான் கிழிந்து நுரையில் பள்ளம் விழும்.

தீர்ப்பு

மரம் திருகாணியைப் பிடிக்கும், ஈரத்தைத் தாங்காது. நுரை ஈரத்தைத் தாங்கும், திருகாணியைப் பிடிக்காது. ஆகவே மரக் கூரையில் உழைப்பின் பெரும்பங்கு நீரைத் தடுப்பதற்கும், நுரைக் கூரையில் பாரத்தைத் தாங்க மரம் புதைப்பதற்கும் போகவேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். உறுதியான மரக் கூரையில் இன்னும் நான்கு திருகாணி கூட்டுகிறார்கள். ஒழுகாத நுரைக் கூரையில் இன்னும் ஒரு குழாய் சீலன்ட் பிழிகிறார்கள். கூரைக்கு எது குறையோ அதைக் கொடுப்பதே வேலை.

வரைபட நிலையிலேயே திறப்பைத் தீர்மானித்து, தச்சுக் கருவிகளைக் கையாளத் தெரிந்து, மரங்களுக்கு நடுவிலும் கரடுமுரடான பாதையிலும் வண்டியை இழுக்கப் போகிறவருக்கு மரச்சட்டக் கூரையே சிறந்தது. முதல்முறை கட்டுகிறவர், வளைவான கூரையில் திறப்பு வைப்பவர், எடை குறைவான வண்டி வேண்டுபவர், ஆண்டுக்கொருமுறை பெயின்ட்டைச் சரிபார்க்கத் தயங்காதவர் ஆகியோருக்கு நுரைக் கூரை நல்ல துணை. எதைத் தேர்ந்தாலும் ரம்பத்தை எடுக்கும் முன் நிலைச்சட்டம் தயாராக இருக்கட்டும், காற்றுப்போக்கி கையில் இருக்கட்டும். வெட்டி முடித்து சீலன்ட் காய்ந்த பிறகு, உள்ளே ஒருவரை விளக்கோடு அமரவைத்து, கூரைமேல் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீர் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு சொட்டும் இறங்காவிட்டால் மட்டும் உட்புற வேலையைத் தொடருங்கள்.